லண்டன் போகலையான்னு கேக்குறவங்களுக்கு

"ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பத்தித் தேடிக்கிட்டு இருக்கேன்"னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி ரெடியா இருக்கு.

"அப்போ லண்டன் போகணுமே?"

போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கல்யாண வீடு. பந்தியில பக்கத்து இலையில வீட்டுக்காரர் வழிச் சொந்தம், ஒரு பெரியவர். ரசத்துக்குக் கையைக் குழிச்சுக்கிட்டே சொல்றார்: "வெள்ளைக்காரன் சமாச்சாரம் பூரா அங்கதானம்மா இருக்கும். ராஜபாளையத்துல உக்காந்து என்னத்தக் கண்டுபிடிப்ப?"

பெரியவங்ககிட்ட பந்தியில சண்டை போடக் கூடாது. பாயசம் வந்துச்சு, குடிச்சேன், எந்திரிச்சுட்டேன்.

ஆனா வயித்தெரிச்சல் அடங்கல. அதான் இந்தப் பதிவு. (நீளமா இருக்கும். டீ போட்டுட்டு வந்துருங்க.)

முதல்ல, யாரு இந்த ஃபூட்?

1834-ல் இங்கிலாந்துல செல்டன்ஹாம்ங்கிற ஊர்ல பிறந்தவர். 1858-ல், இருபத்தி நாலு வயசுல, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில வேலைக்குச் சேர்ந்து இங்க வந்தார். சம்பளம் பாறையைப் படிக்கிறதுக்கு. எந்த ஊர்ல என்ன பாறை, எதுக்கு மேல எது படிஞ்சிருக்கு, வரைபடத்துல எந்த நிறம் அடிக்கணும்... இதான் வேலை.

அவர் பேரு நின்னது வேற விஷயத்துக்கு.

1863 மே 30. சென்னைக்குப் பக்கத்துல பல்லாவரம். (மே மாசக் கடைசி, பல்லாவரம், வெட்டவெளி. நினைச்சாலே நாக்கு வறண்டு போகுது.) அங்க ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் சரளைக்கல் தோண்டின பள்ளம் ஒண்ணு. அதுல இவர் ஒரு கல்லை எடுக்குறார். யாரோ வேணும்னே தட்டித் தட்டிச் செதுக்கின கல்லுன்னு அடையாளம் கண்டுட்டார். கைக்கோடரி. இந்தியாவுல பழைய கற்கால மனுசன் இருந்தான்னு சொல்ற முதல் கண்டுபிடிப்பு அதுதான்.

அந்தப் பள்ளத்துல எத்தனை பேர் மண் அள்ளியிருப்பாங்க, எத்தனை வண்டி வந்து போயிருக்கும்! அவங்களுக்கு அது சரளை. இவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

அதுக்கு பிரான்சுக்கு ஒரு நடை போயிட்டு வரணும். (டிக்கெட் வேண்டாம், இங்கேருந்தேதான்.) அங்க அப்வில்ங்கிற ஊர்ல பூஷே தெ பெர்த்னு ஒரு சுங்க அதிகாரி. சொம் ஆத்துச் சரளையில, அழிஞ்சு போன மிருகங்களோட எலும்பு கிடக்குற அதே அடுக்குல, மனுசன் செதுக்கின கல்லும் கிடக்குதுன்னு வருசக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்தார். பெரிய மனுசங்க யாரும் கண்டுக்கல. 1859-ல் இங்கிலாந்துலேருந்து ஜோசப் பிரஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் நேர்ல போய்ப் பார்த்துட்டு, ஆமா, அவர் சொல்றது சரிதான்னு ஒத்துக்கிட்டாங்க. மனுசனோட வயசு ஒரே நாள்ல எங்கயோ போயிருச்சு.

அந்தச் சேதியை ஃபூட் படிச்சிருந்தார். அதனால பல்லாவரத்துல குனிஞ்சப்போ அந்தக் கல் அவர் கண்ணுல பட்டுச்சு. சொம் ஆத்துலேருந்து பல்லாவரத்துக்கு நாலே வருசம். அந்தக் காலத்துக் கப்பல் தபாலுக்கு இது நல்ல வேகம்தான்.

அதே வருசம் செப்டம்பர்ல, கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கோட சேர்ந்து, கொசஸ்தலை ஆத்துப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சார். இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கு. அந்த ஊரை நம்ம காலத்துல திரும்பத் தோண்டினவங்க சாந்தி பப்புவும் அவங்க குழுவும். அங்க கிடைச்ச கைக்கோடரிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருசம்னு 2011-ல் சொன்னாங்க. 2018-ல் இன்னொரு கட்டுரை, அடுத்த கட்டக் கருவிகள் 3,85,000 வருசத்துக்கு முந்தியே அங்க வந்துருச்சுன்னு.

15 லட்சம் வருசம். நாம நம்ம குலதெய்வக் கோயிலுக்கு முந்நூறு வருசம்னு சொல்லிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கிறோம்.

சரி. இப்போ பெரியவர் கேள்விக்கு வரேன்.

ஃபூட்டோட பொருள் எங்க இருக்கு? வாழ்நாள் பூரா அவர் சேர்த்த கற்கருவி, பானை ஓடு எல்லாத்தையும் 1904-ல் மெட்ராஸ் அரசாங்க மியூசியம் வாங்கிருச்சு. கொஞ்சம் வெளிநாட்டு மியூசியங்களுக்கும் போயிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா பெரும் பகுதி எழும்பூர்ல.

எழும்பூர்!

ராஜபாளையத்துக்காரங்களுக்கு எழும்பூர் என்ன தூரம்? ராத்திரி பொதிகையில ஏறிப் படுத்தா விடிஞ்சதும் எழும்பூர். ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோக்காரர் சொல்ற ரேட்டைக் கேட்டுட்டு, நமக்கு எதுக்குன்னு பாந்தியன் ரோட்டுக்கு நடந்தே போயிரலாம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், அந்தக் குளுருக்கு ஸ்வெட்டர் கூட வேண்டாம். சித்தி கட்டிக் குடுத்த புளியோதரை போதும்.

மியூசியத்துக்கு வர்றவங்க பாதிப் பேர் நேரா சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போறாங்க. போகட்டும், அழகுதான். நான் நின்னது கற்காலப் பெட்டிகளுக்கு முன்னாடி. ஒரு கைக்கோடரி. உள்ளங்கை கொள்ளாத அளவு. எங்க ஊர் சப்பட்டை மாங்காயை நிமித்தி வெச்ச மாதிரி: கீழ உருண்டை, மேல போகப் போகக் கூர். ரெண்டு பக்கமும் சில்லு பேத்த தழும்பு. ஒவ்வொரு தழும்பும் ஒரு அடி. ஒரு அடி விழுந்து, அதோட ஓரத்துல அடுத்த அடி விழுந்து, ரெண்டும் சந்திக்கிற இடத்துல ஒரு விளிம்பு. ஓரமா சாஞ்சு நின்னு பார்த்தா அந்த விளிம்பு அலை அலையா வளைஞ்சு போறது தெரியும். எங்க அடிச்சா எப்படிப் பேரும்னு தெரிஞ்ச கை.

(செக்யூரிட்டி அண்ணன் ரெண்டு தடவை வந்து, "என்னம்மா, ஏதாவது காணாமப் போச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனார். அவ்வளவு நேரம் யாரும் அங்க நிக்கிறதில்ல போல.)

ஃபூட்டோட கேட்டலாக் ரெண்டு பாகம். ஒண்ணு 1914, இன்னொண்ணு 1916. ரெண்டுமே அவர் 1912 டிசம்பர்ல இறந்த பிறகு அச்சாகி வந்தது. ஸ்கேன் பண்ணி இணையத்துல சும்மாவே கிடைக்குது. ஒவ்வொரு பொருளுக்கும் எண், கிடைச்ச ஊர், என்ன பொருள்னு வரிசையா. கல்லைப் பொறுக்கினவங்க அந்தக் காலத்துல நிறைய. கல்லு எங்க கிடந்துச்சுன்னு இவ்வளவு ஒழுங்கா எழுதி வெச்சவங்க கொஞ்சம்.

இப்போ எனக்குத் தூக்கம் கெட்டுப் போன இடத்துக்கு வரேன்.

ஃபூட் யாரோட மருமகன் தெரியுமா?

பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

தமிழ் அச்சு வரலாறு கொஞ்சம் படிச்சவங்களுக்கு இந்தப் பேரு தெரியும். யாழ்ப்பாணத்துல வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடம் நடத்தினவர். பைபிளைத் தமிழ்ல கொண்டு வர்ற வேலையில அவர் கூட உக்காந்து உழைச்சவர் ஆறுமுக நாவலர். ஆமாங்க, அதே நாவலர்தான், சைவத்துக்காகக் கடைசி வரைக்கும் போராடின நாவலர். பெர்சிவல் பிற்பாடு மெட்ராஸ் வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையை ஆரம்பிச்சார். அதுக்கு ஆசிரியரா இருந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. கலித்தொகையை ஏட்டுலேருந்து அச்சுக்குக் கொண்டு வந்த தாமோதரம் பிள்ளை.

அந்தப் பெர்சிவலோட மகளைக் கட்டினவர்தான் நம்ம கல்லுக்காரர்.

மாமனார் தமிழ்ப் பழமொழி சேர்த்தவர். 1874-ல் ஆறாயிரத்துச் சொச்சம் பழமொழியை இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட புத்தகமாப் போட்டார். மருமகன் கல் சேர்த்தவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில என்ன பேச்சு நடந்திருக்கும்! ("மாப்பிள்ளை, இன்னைக்கு எத்தனை கல்?" "மாமா, உங்களுக்கு எத்தனை பழமொழி?") என் மாமனார்கிட்ட இதைச் சொன்னேன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். நாவலர் பேரைக் கேட்டதும் நிமிந்து உக்காந்துட்டார். "நாவலருக்கும் அந்தக் கல்லுக்காரருக்கும் ஒரு வீட்டுத் தொடர்பா? இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"ன்னார். அதுவரைக்கும் அவருக்கு என் ஃபூட் ஏதோ செருப்புக் கம்பெனி.

பெரியவரே, இந்தச் சங்கதி எந்த ஊர்ல கிடக்கு பாருங்க. யாழ்ப்பாணம், மெட்ராஸ், தமிழ்ப் பத்திரிகை, தமிழ்ப் புலவர்கள். லண்டனுக்கு நான் எதுக்குப் போகணும்?

இன்னொண்ணு சொல்றேன். வேலைக்கு வந்த நாள்லேருந்து ஃபூட்டோட உழைப்பு பூரா இங்கதான். 1891-ல் அரசாங்க வேலையிலேருந்து ஓய்வு. மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போய் உக்காரல. பரோடா சமஸ்தானத்துல வேலை, மைசூர்ல வேலை. வீடு ஏற்காட்டுல. வெளிநாட்டுப் பயணம் போனது அவர்தான், ஐம்பது வருசத்துக்கு மேல. அவர் வந்து சேர்ந்த 'வெளிநாட்டு'லயே நான் பொறந்து வளந்திருக்கேன். எனக்கு அலைச்சல் மிச்சம்.

ஆனா உள்ளூர்ல தேடுறது லேசுன்னு நினைச்சுராதீங்க. அதுக்குத் தனிக் கிறுக்கு வேணும்.

உதாரணத்துக்கு, எங்க ஊர் எந்த மாவட்டம்? இன்னைக்கு விருதுநகர். 1985-ல் பிரிச்சது. அதுக்கு முன்னாடி ராமநாதபுரம். அந்த ஜில்லா உண்டானதே 1910-ல். அதுக்கும் முன்னாடி ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவுல. ஃபூட் 1883-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களோட நிலவியலைப் பத்தி ஒரு பெரிய அறிக்கை எழுதியிருக்கார். எங்க பக்கம் எந்தப் பாறைன்னு பார்க்கணும்னா திருநெல்வேலிக் கணக்குலதான் பார்க்கணும். விருதுநகர்னு தேடினா ஒரு மண்ணும் வராது. நான் ஒரு நூலகத்துல (பேர் வேண்டாம்) போய், "திருநெல்வேலி அறிக்கை வேணும், ஊர் ராஜபாளையம்"னேன். "அப்போ விருதுநகர்ல போய்க் கேளுங்க"ன்னு அனுப்பி வெச்சாங்க. போங்கப்பான்னு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல இறக்கிப் படிச்சேன்.

எங்க ஊருக்கு ரயில் வந்ததே 1927-ல். ஃபூட் காலத்துல இந்தப் பக்கம் வரணும்னா குதிரை, மாட்டு வண்டி, கூடாரம். மழை நின்னதும் கிளம்பி, வெயில் தாங்க முடியாமப் போறப்போ திரும்பி, மிச்ச மாசத்துல உக்காந்து எழுதணும். நிலவியல் துறைக்காரங்க பொழப்பு அப்போ அப்படித்தான்.

எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். பல்லாவரத்துல கைக்கோடரி, அத்திரம்பாக்கத்துல கைக்கோடரி. எங்க சஞ்சீவி மலை அடிவாரத்துல ஏன் இல்ல? அய்யனார் கோயில் ஆத்துல தண்ணி இல்லையா, மலையில மான் இல்லையா, மாங்கா இல்லையா? ஆதி மனுசனுக்கு ராஜபாளையம் என்ன பாவம் பண்ணுச்சு?

ஃபூட் எழுதினதைப் படிச்சப்புறம் கொஞ்சம் புரிஞ்சுது. அந்த மனுசங்க விரும்பி எடுத்தது குவார்ட்சைட்ங்கிற கல். கெட்டியா இருக்கும், தட்டினா சொன்ன பேச்சுக் கேட்டுப் பேரும், விளிம்பு நிக்கும். வடக்க, கடப்பா மலைப் பக்கத்துல அது ஏராளம். ஆறுகள் உருட்டிக் கொண்டாந்து சென்னைப் பக்கம் கூழாங்கல்லாப் போட்டிருக்கு. தெக்க வர வர அந்தக் கல் அருகிப் போகுது. எங்க மலையெல்லாம் வேற இனப் பாறை. அதைத் தட்டினா கைதான் வலிக்கும். கருவி எங்க இருக்குங்கிறதைக் கல் எங்க இருக்குங்கிறதோட சேர்த்துப் பார்த்தார் பாருங்க, அங்கதான் அவருக்குள்ள இருந்த பாறைக்காரர் வேலை செஞ்சிருக்கார். வெறும் பழம்பொருள் ஆசை இருந்திருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

(பல்லாவரத்தைப் பத்தி ஒரு கிளைக்கதை. கல்கத்தாவை நிறுவினவர்னு சொல்ற ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கல்லு, பல்லாவரம் பக்கத்துப் பாறை இனம்தான். அதை வெச்சுத்தான் தாமஸ் ஹாலண்ட்ங்கிற நிலவியல்காரர் அந்தப் பாறைக்கே 'சார்னகைட்'னு பேர் வெச்சார். பல்லாவரம்னா சந்தைன்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.)

தெக்க ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பக்கம் தேரி இருக்குல்ல, செக்கச்செவேல்னு மணல் மேடு? அங்க சாயர்புரம் தேரியில சின்னச் சின்னக் கற்கருவி கிடக்குறதை ஃபூட் பார்த்து எழுதி வெச்சார். கைக்கோடரியை விட ரொம்பப் பிந்தின காலம். 1956-ல் ஃபிரடெரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் தேரிகளைத் திரும்ப ஆராய்ஞ்சு, கடல் மட்டம் ஏறி இறங்கின கணக்கை வெச்சு, சுமார் கி.மு. 4000-னு சொன்னாங்க.

தேரியைப் பார்த்தே ஆகணும்னு கிளம்பிட்டேன். வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார். (அவர் நிபந்தனை: திரும்பி வர்றப்போ மக்ரூன் வாங்கணும்.) வெயில்ல அந்த மணல்ல நடக்குறது ஒரு தண்டனை. கால் உள்ள போகுது, செருப்பு உள்ளயே நிக்குது. பனைமரம், முள்ளு, செம்மண். கொஞ்ச தூரம் குனிஞ்சே போனேன். நகக்கண் அளவுல பளிங்கு மாதிரிச் சில்லு ஒண்ணு கிடந்துச்சு, மேல செம்மண் நிறம் ஊறிப் போய். மனுசன் பேத்ததா, தானாப் பேர்ந்ததான்னு சொல்ற படிப்பு எனக்கு இல்ல. போட்டோ எடுத்துட்டு அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்காரர், "இதுக்கா இவ்வளவு தூரம்?"ன்னார். மக்ரூன் வாங்கிக் குடுத்ததும் கேள்வி நின்னுச்சு.

கடைசியா ஏற்காடு. மதுரை மாறி, சேலம் மாறி, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. (எனக்கு மலை பஸ் ஆகாது. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே ஏறினேன்.) அங்க ஹோலி டிரினிட்டி சர்ச் கல்லறைத் தோட்டத்துலதான் ஃபூட் குடும்பத்து நினைவுக்கல்லெல்லாம். பெர்சிவலும் 1882-ல் ஏற்காட்டுலதான் காலமானார். மாமனாரும் மருமகனும் கடைசியா வந்து சேர்ந்தது நம்ம சேர்வராயன் மலைக்கு.

ஃபூட்டோட குடும்ப வாழ்க்கையைத் தேடித் துருவி முறையா எழுதினதும் அத்திரம்பாக்கம் தோண்டின சாந்தி பப்புதான். 2008-ல் அந்தக் கட்டுரை வந்துச்சு. அதைப் படிச்சுட்டுப் போனதாலதான் எனக்கு எங்க நிக்கணும்னு தெரிஞ்சுது. இல்லைன்னா எல்லாரையும் போல ஏரியில படகு ஓட்டிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்னுட்டு இறங்கியிருப்பேன். (பஜ்ஜியும் தின்னேன். அது வேற.)

வெளிநாட்டுக்குப் போற ஆராய்ச்சியாளர்களை நான் குறை சொல்லல. போகணும். ஃபூட் 1868-ல் இங்கிலாந்துல நார்விச்ல நடந்த மாநாட்டுல நம்ம கல்லைப் பத்திப் பேசியிருக்கார். அந்தப் பக்கத்துச் சேதியை அங்க உள்ள பெட்டியைத் திறந்து பார்க்குறவங்கதான் சொல்ல முடியும். ஆதிச்சநல்லூருக்கு 1876-ல் வந்த ஜாகோர் எடுத்துக்கிட்டுப் போனதையெல்லாம் பார்க்கணும்னா பெர்லினுக்குத்தான் போகணும். அது வேற கதை. பொருளே அங்க போயிருச்சு.

ஃபூட் விஷயத்துல பொருள் இங்க, வீடு இங்க, கல்லறை இங்க, மாமனார் வீடும் இங்க. இதை வெச்சுக்கிட்டு "எல்லாம் லண்டன்ல"ன்னு சொல்றது சோம்பேறித்தனம். நமக்குப் பக்கத்துல இருக்குறதை நாம பார்க்காம இருக்குறதுக்கு ஒரு கௌரவமான சாக்கு.

சாக்குக்கு இன்னொரு உதாரணம் எங்க பக்கத்துலயே இருக்கு. வெம்பக்கோட்டை. வைப்பாத்துக் கரையில விஜயகரிசல்குளத்துல 2022 மார்ச்சுல அகழாய்வு ஆரம்பிச்சாங்க. சங்கு வளையல், மணி, சுடுமண் பொருள்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. ராஜபாளையத்துலேருந்து டவுன் பஸ்ஸுல போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம். எங்க தெருவுல எத்தனை பேர் போய்ப் பார்த்தாங்கன்னு கேட்டீங்கன்னா, நான் தெருவைக் காட்டிக் குடுக்க விரும்பல.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். கோடையில நம்ம கண்மாயில வண்டல் அள்ளுவாங்க, ஜேசிபி வரும். அப்போ பானை ஓடு, கறுப்புச் சிவப்புச் சில்லு, தாழி விளிம்பு, வினோதமா செதுக்கின கல்லுன்னு ஏதாவது கண்ணுல பட்டா, எடுத்துப் பையில போடாதீங்க, கழுவிப் பளபளப்பாக்கி ஷோகேஸ்லயும் வைக்காதீங்க. கிடந்தபடியே ஒரு போட்டோ, எந்தக் கண்மாய், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம். இதைக் குறிச்சு விஏஓகிட்டயோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. எங்க கிடந்துச்சுங்கிறது போயிருச்சுன்னா பாதிச் சேதி போயிருச்சு. ஃபூட் கேட்டலாக்கைப் புரட்டினா அது ஒண்ணுதான் திரும்பத் திரும்ப மண்டையில ஏறும்.

எனக்குப் பொருளை அனுப்பாதீங்க. போட்டோ போதும். கூட ஒரு கால் கிலோ பால்கோவா அனுப்பினா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.